ஷன்ட் உள்ள பிள்ளைக்குச் சிறுநீர்ப்பை ஆபரேஷன்: கிருமி ஏறாமல் பார்ப்பது எப்படி?

பாலக்கோட்டிலிருந்து ஓர் அம்மா கேட்டிருக்கிறார்: முதுகுத்தண்டுக் குறையோடு பிறந்த 9 வயது மகளுக்குத் தலையிலிருந்து வயிற்றுக்கு ஷன்ட் (மூளையில் சேரும் நீரை வயிற்றுக்கு வடிக்கும் குழாய்) இருக்கிறது. இப்போது குடலில் ஒரு துண்டு எடுத்துச் சிறுநீர்ப்பையைப் பெரிதாக்கப் போகிறார்கள். ஷன்டில் கிருமி பிடித்துவிடாதா?

பயம் நியாயம்தான். குழாயின் கீழ்முனை வயிற்றுக்குள்தான் கிடக்கிறது. அதே வயிற்றில்தான் குடலையும் சிறுநீர்ப்பையையும் திறக்கிறார்கள். ஆனாலும் பெரும்பாலான பிள்ளைகளுக்கு ஷன்டில் ஒன்றும் ஆவதில்லை.

பாதி வேலை ஆபரேஷனுக்கு முன்பே முடிய வேண்டும். சில நாள் முன்னால் யூரின் கல்ச்சர் (சிறுநீரில் என்ன கிருமி இருக்கிறது என்று பார்க்கும் சோதனை) எடுத்து, கிருமி இருந்தால் அதற்கேற்ற மருந்து கொடுப்பார்கள். டியூப் போட்டுச் சிறுநீர் எடுக்கும் பிள்ளைகளுக்கு எந்தத் தொந்தரவும் காட்டாமலே கிருமி இருக்கலாம். "காய்ச்சல்தான் இல்லையே" என்று இதை விட்டுவிடாதீர்கள். ஆபரேஷன் அன்று, கீறுவதற்கு முன்பே ஆன்டிபயாடிக் ஊசி. வயிற்றைத் திறந்ததும் குழாய் முனையைத் தேடி எடுத்து, மருந்தில் நனைத்த காஸ் துணியில் சுற்றி ஓரமாக ஒதுக்கி வைப்பது பல சர்ஜன்களின் வழக்கம். உங்கள் டாக்டர் என்ன செய்வார் என்று கேளுங்கள், தப்பில்லை. அப்புறம் குடல் நீர் சிந்தாமல் பார்த்து, வயிற்றைக் கழுவி மூடுவார்கள்.

கிருமிக்குச் சம்பந்தமில்லாத ஒன்று: முதுகுத்தண்டுக் குறையோடு பிறந்த பிள்ளைகளுக்கு லேடெக்ஸ் ரப்பர் (கையுறை போன்றவற்றில் இருப்பது) அலர்ஜி அதிகம். டாக்டரிடம் முன்கூட்டியே சொல்லிவையுங்கள்.

வீட்டுக்கு வந்தபின் காய்ச்சல், தலைவலி, வாந்தி, அசந்து தூங்கிக்கொண்டே இருப்பது, வயிறு வீங்குவது, கழுத்தில் குழாய் ஓடும் வழியில் சிவப்பு என்று எது வந்தாலும், சில மாதம் கழித்து வந்தாலும், மாத்திரை கொடுத்துப் பார்க்கலாம் என்று காத்திருக்காதீர்கள். சேலமோ பெங்களூரோ, மூளை நரம்பு சர்ஜன் உள்ள ஆஸ்பத்திரிக்கு அன்றைக்கே கிளம்பிவிடுங்கள்.