மரங்களை வெட்டாமல் எலியையும் கரையானையும் வீட்டிலிருந்து விலக்கி வைப்பது எப்படி?

கேள்வி: தோட்டத்தின் நடுவே எங்கள் வீடு உள்ளது. சுவரை ஒட்டிப் பூச்செடிகள் வைத்து, வைக்கோல் மூடாக்குப் போட்டிருக்கிறோம். பின்சுவர் ஓரம் விறகு அடுக்கியிருக்கிறோம். மாமரக் கிளை கூரைமேல் படர்ந்துள்ளது. எலி, எறும்பு, பூரான் தொல்லை ஓயவில்லை. கரையானும் வருமோ என்று அஞ்சுகிறோம். மருந்து வைத்தால் ஒரு மாதம் அடங்கிப் பிறகு மீண்டும் வருகின்றன. மரங்களை வெட்டத்தான் வேண்டுமா?

பதில்: வெட்ட வேண்டியதில்லை. மருந்தால் இருந்த எலிகள் செத்தாலும், அவற்றுக்கு வாய்த்த மறைவிடமும் இரையும் ஈரமும் அப்படியே இருப்பதால், அக்கம்பக்கத்திலிருந்து வேறு எலிகள் வந்து குடியேறிவிடுகின்றன. ஆகவே நீங்கள் முதலில் மாற்ற வேண்டியது சுவரை ஒட்டிய நிலத்தைத்தான்.

சுவரிலிருந்து இரண்டு மூன்று அடி அகலத்துக்குச் செடி, சருகு, மூடாக்கு எதுவும் இல்லாமல் வெறுமையாக விட்டு, சரளைக்கல் பரப்புங்கள். எலி மறைவை ஒட்டியே ஓடும் இயல்புடையது. திறந்த வெளியைக் கடக்கத் தயங்கும். மூடாக்கு செடிக்கு நல்லதுதான், ஆனால் சுவரைத் தொட்டுக்கொண்டிருந்தால் கரையானுக்குத் தேவையான ஈரத்தையும் மறைவையும் அதுவே கொடுத்துவிடும். அடித்தளம் தரைக்கு மேல் அரை அடியாவது கண்ணுக்குத் தெரியும்படி இருந்தால், கரையான் கட்டும், பென்சில் பருமனில் சுவரில் ஏறும் மண் குழாய்களைத் தொடக்கத்திலேயே கண்டுகொள்ளலாம். அப்படி ஒன்று தென்பட்டால் நடுவில் சிறிது உடைத்துப் பாருங்கள். உள்ளே வெண்ணிறப் பூச்சிகள் இருந்தாலோ, சில நாட்களில் உடைத்த இடம் மீண்டும் பூசப்பட்டிருந்தாலோ கரையான் நடமாட்டம் உறுதி. அந்த நிலையில் தோட்டப் பராமரிப்பு மட்டும் போதாது, கரையான் ஒழிப்பில் பயிற்சி உள்ளவரை அழைத்தே ஆக வேண்டும்.

கூரையைத் தொடும் கிளைகளை ஆறடி விலகும்படி கவாத்து செய்யுங்கள். எலிக்கும் எறும்புக்கும் அவைதான் பாலம். எறும்பைப் பொறுத்தவரை, வீட்டுக்குள் மருந்து தெளிப்பதற்கு முன் செடிகளின் தளிர்களையும் இலைகளின் அடிப்புறத்தையும் திருப்பிப் பாருங்கள். அங்கே செடிச் சாற்றை உறிஞ்சும் அசுவினியோ மாவுப்பூச்சியோ இருந்தால், அவை சுரக்கும் இனிப்பான கழிவுக்காகவே எறும்புகள் அவற்றைக் காவல் காத்துக்கொண்டிருக்கும். தாக்குண்ட தளிர்களை வெட்டி அகற்றி, மற்றவற்றின்மேல் தண்ணீரை வேகமாகப் பீய்ச்சி அடித்தாலே எறும்பு வரத்து பெருமளவு குறையும்.

விறகை வீட்டிலிருந்து இருபதடி தள்ளி, தரையிலிருந்து ஓரடி உயரத்தில் மேடை அமைத்து அடுக்குங்கள். ஆனால் இன்றே போய் அதைக் கலைத்துவிடாதீர்கள். மறைவிடம் குலைந்த எலிகள் அடுத்த மறைவைத் தேடும்போது, மிக அருகில் இருப்பது உங்கள் வீடுதான். சுண்டெலி புக 6 மில்லிமீட்டர் இடைவெளி போதும் என்பதால், கதவின் அடியிலும் குழாய்கள் நுழையும் இடங்களிலும் உள்ள சந்துகளைச் சிமெண்டும் கம்பி வலையும் கொண்டு முன்கூட்டியே அடைத்துவிடுங்கள். அதன்பின் வீட்டுப் பக்கத்திலிருந்து தொடங்கி வெளிநோக்கி விறகை அப்புறப்படுத்தினால், எலிகள் தோட்டத்தை நோக்கி விலகும். எலி இருக்கும் இடத்தைப் பாம்பும் நாடும் என்பதால், உயரமான காலணியும் கையுறையும் அணிந்து, முதலில் நீண்ட கழியால் தட்டிவிட்டு, பகல் வெளிச்சத்தில் மட்டுமே இந்த வேலையைச் செய்ய வேண்டும்.

உதிரும் மாம்பழங்களை அன்றன்றே பொறுக்கிவிடுங்கள். எலிக்கு இரை குறைவதோடு, பழ ஈயின் புழுக்கள் மண்ணுக்குள் இறங்கிக் கூட்டுப்புழுவாவதும் தடைபடும். மரத்துக்கும் இது நன்மையே.

பூரானுக்குத் தனி மருந்து வேண்டாம். அது ஈரமான, இருண்ட இடத்தில் மட்டுமே தங்கும். செடிகளுக்கு மாலையில் நீர் பாய்ச்சுபவராக இருந்தால் அதைக் காலைக்கு மாற்றி, இரவுக்குள் மேல்மண் காயும்படி செய்யுங்கள். வீட்டருகே தண்ணீர் தேங்காமல் சுவரிலிருந்து வெளிப்புறமாக மண்ணைச் சரித்து விடுங்கள்.