காரின் கூரைக் கேரியரில் எதை ஏற்றுவது, எப்படிக் கட்டுவது? – கேள்வி பதில்

முகாம் பயணத்துக்காகக் காரின் கூரையில் திறந்த கூடை வடிவக் கேரியர் பொருத்தியவர்களும், பொருத்தலாமா என்று யோசிப்பவர்களும் கேட்ட கேள்விகள் இவை. பாதிப் பேர் எப்படிக் கட்டுவது என்றுதான் கேட்டிருந்தார்கள். அவர்களில் பலர் முதலில் கேட்டிருக்க வேண்டியது எதை ஏற்றுவது என்பது.

கேள்வி: நான் வாங்கிய கேரியரில் 100 கிலோ தாங்கும் என்று அச்சிட்டிருக்கிறது. காரின் கையேடோ கூரைக்கு 75 கிலோதான் என்கிறது. எதை நம்புவது?

பதில்: கையேட்டை நம்புங்கள். கூரை, குறுக்குக் கம்பிகள், கூடை ஆகிய மூன்றுக்கும் தனித்தனி எடை வரம்பு உண்டு. அவற்றில் எது குறைவோ அதுவே உங்கள் எல்லை. அந்த 75 கிலோவும் முழுக்கச் சாமானுக்கு என்று எண்ணிவிடாதீர்கள். கூடையும் கம்பிகளும்கூடக் கூரையின் மேல்தானே உட்கார்ந்திருக்கின்றன? இரும்புக் கூடை 20 கிலோ, கம்பிகள் 5 கிலோ என்றால் மிஞ்சுவது 50 கிலோ. எடை பார்க்கும் மெஷின்மேல் பையோடு ஒருமுறையும் பை இல்லாமல் ஒருமுறையும் நின்று கழித்துப் பாருங்கள். கண்ணால் பார்த்துப் போடும் கணக்கு அநேகமாகக் குறைவாகவே வரும்.

கேள்வி: அப்படியானால் கூரைமேல் கூடாரம் அமைத்து இரண்டு பேர் படுத்து உறங்குகிறார்களே? அவர்கள் எடை மட்டுமே 130 கிலோ வரும். நீங்கள் தேவையில்லாமல் பயமுறுத்துகிறீர்கள் என்று நினைக்கிறேன்.

பதில்: நியாயமான சந்தேகம். கையேட்டில் உள்ள எண் ஓடும் வண்டிக்கானது. பிரேக் பிடிக்கும்போதும் வளைவில் திரும்பும்போதும் பள்ளத்தில் இறங்கி ஏறும்போதும் கூரைக்குப் போகும் விசை, நிற்கும் எடையைவிடப் பல மடங்காகலாம். அதை நினைத்துத்தான் ஓடும்போதைய வரம்பைக் குறைத்து வைக்கிறார்கள். நிற்கும் வண்டியில் இந்த உலுக்கல் கிடையாது என்பதால் கூரை கூடுதலாகத் தாங்கும். ஆனால் அந்தக் கூடாரத்தையும் மடித்து ஏற்றிக்கொண்டுதான் ஓட்டப்போகிறீர்கள். அப்போது அதன் எடை ஓடும்போதைய வரம்புக்குள் அடங்க வேண்டும்.

கேள்வி: மேலே எது, உள்ளே எது என்று பிரிப்பதற்கு ஏதாவது விதி இருக்கிறதா?

பதில்: ஒவ்வொரு பொருளிடமும் மூன்று கேள்விகள் கேளுங்கள். இடத்தை அடைக்கிறதா? எடை குறைவா? வெயிலும் தூசியும் பட்டால் கெடாதா? மூன்றுக்கும் ஆம் என்றால் மேலே போகட்டும். கூடாரம், ஸ்லீப்பிங் பேக், படுக்கை விரிப்பு, தார்ப்பாய், மடக்கு நாற்காலி ஆகியவை கூரைக்கென்றே பிறந்தவை.

தண்ணீர் மேலே போகவே கூடாது. ஒரு லிட்டர் ஒரு கிலோ. 20 லிட்டர் கேன் இரண்டு வைத்தால் உங்கள் வரம்பு கிட்டத்தட்ட முடிந்துவிட்டது. ஐஸ் பெட்டி, பேட்டரி, சமையல் பாத்திரங்கள், கருவிப் பெட்டி எல்லாம் டிக்கியின் தரையில், பின் இருக்கையை ஒட்டி இருக்கட்டும். கனம் மேலே ஏற ஏற வண்டியின் ஈர்ப்பு மையமும் உயர்கிறது. வளைவில் வண்டி அதிகமாகச் சாய்கிறது, சட்டென்று திருப்பினால் நிமிர நேரமாகிறது. நேர் சாலையில் இது தெரியாது. திடீரென்று எதற்காகவோ ஒதுங்க வேண்டிய நொடியில்தான் தெரியும்.

ஸ்டெப்னி டயரை மேலே வைப்பதைப் பலர் கம்பீரம் என்று நினைக்கிறார்கள். பெரிய வண்டிகளில் ரிம்மோடு சேர்ந்த ஒரு டயர் 25 கிலோவைத் தாண்டிவிடும். வழியில் பஞ்சரானால் கட்டிய எல்லாவற்றையும் அவிழ்த்துத் தனியாளாக அதை இறக்கவும் வேண்டும். வண்டியில் அதற்கென்று ஓர் இடம் இருக்கும்போது மேலே எதற்கு?

கேள்வி: எந்த வரிசையில் அடுக்குவது? ஒவ்வொரு முறையும் கூடாரம் அடியில் மாட்டிக்கொள்கிறது. மழையில் எல்லாவற்றையும் இறக்கிவிட்டுத்தான் அதை எடுக்க வேண்டியிருக்கிறது.

பதில்: வீட்டில் கைக்குக் கிடைத்த வரிசையில் ஏற்றுகிறீர்கள். முகாமில் இறக்கும் வரிசையை முதலில் காகிதத்தில் எழுதிவிட்டு, அதைக் கீழிருந்து மேலாகப் படித்து ஏற்றுங்கள். பொதுவாக முதலில் வேண்டியது தார்ப்பாய். அதை விரித்துக் கட்டிவிட்டால் மழையோ வெயிலோ அதற்கடியில் நின்று மற்ற வேலையைப் பார்க்கலாம். அடுத்தது கூடாரம், பிறகு நாற்காலி. படுக்கைச் சாமான் இரவுக்குத்தான் என்பதால் அடியில் கிடக்கலாம்.

இருப்பவற்றில் கனமானவை கூடையின் நடுவில், இரண்டு குறுக்குக் கம்பிகளுக்கும் இடையில், தரையோடு ஒட்டி இருக்கட்டும். இடமும் வலமும் எடை ஒத்திருக்க வேண்டும். முன்வரிசைப் பை கூடையின் முன்சட்டத்தில் முட்டிக்கொண்டு இருக்க வேண்டும். அங்கே இடைவெளி விட்டால் பிரேக் பிடித்ததும் முழு அடுக்கும் அந்த இடைவெளியைத் தேடிப் போகும். முன்பக்கம் தாழ்வாகவும் பின்னால் சற்று உயர்வாகவும் அடுக்கினால் காற்று ஏறி வழிந்து போகும். செங்குத்தாகச் சுவர்போல் நிறுத்தினால் காற்று பைக்கு அடியில் புகுந்து தூக்கப் பார்க்கும்.

ஒரே பெரிய பையைவிட நான்கு நடுத்தரப் பைகள் நல்லது. ஒவ்வொன்றும் ஒரு நிறத்தில் இருந்தால் தேட வேண்டாம்.

கேள்வி: கொக்கி வைத்த எலாஸ்டிக் கயிறு போதுமா? நெம்பி இறுக்கும் ராட்செட் பெல்ட் வாங்க வேண்டுமா?

பதில்: எலாஸ்டிக் கயிறு போதாது. நீள்வதுதான் அதன் இயல்பு. சாமான் நகர்ந்தால் அதுவும் கூடவே நகரும். கொக்கி விடுபட்டுக் கண்ணில் அடிக்கும் ஆபத்தும் உண்டு. தார்ப்பாயின் ஓரம் படபடக்காமல் இருக்கவோ, சின்னப் பொருள் எழும்பாமல் இருக்கவோ அதையும் வலையையும் பயன்படுத்துங்கள். பாரத்தைப் பிடிப்பது பெல்ட்டின் வேலை.

முகாம் சாமானுக்கு ராட்செட் பெரும்பாலும் தேவைப்படாது. அது இறுக்கும் வேகத்தில் கூடாரக் கம்பி வளையலாம், கூடையின் சட்டமே நெளியலாம். கையால் இழுத்துப் பிடிக்கும் சாதாரண பக்கிள் பெல்ட், அதுவும் பாலியெஸ்டர் நாடாவாக இருந்தால் சரி. நைலான் ஈரமானால் நீளும். மழையில் புறப்பட்டவர்கள் வழியில் பெல்ட் தொளதொளத்துக் கிடப்பதைப் பார்த்திருப்பார்கள். வெயிலில் வெளுத்து ஓரம் பிசிறு விட்ட நாடாவைத் தூக்கிப் போடுங்கள், மிச்சம் பிடிக்க வேண்டிய இடம் அதுவல்ல.

சாலைச் சரக்கைக் கட்டுவதற்கான ஐரோப்பியத் தரநிலை இஎன் 12195-1, முன்பக்கம் சரக்கின் எடையில் 80 சதவீத விசையையும், பக்கவாட்டிலும் பின்பக்கமும் 50 சதவீத விசையையும் தாங்குமாறு கணக்கிடச் சொல்கிறது. அது லாரிகளுக்கானதுதான். ஆனால் பிரேக் பிடித்தால் 40 கிலோ மூட்டை 32 கிலோ விசையோடு முன்னால் பாயப் பார்க்கும் என்பது காருக்கும் பொருந்தும். பெரும்பாலோர் இடமிருந்து வலமாக மட்டும் இரண்டு பெல்ட் போட்டு முடித்துவிடுகிறார்கள். அது மேலே எழும்புவதைத் தடுக்கும். முன்னால் வழுக்குவதை உராய்வு மட்டுமே தடுக்கும். அதனால் முன்னிருந்து பின்னாக ஒன்றாவது போடுங்கள். ஒவ்வொரு பெல்ட்டையும் ஏதாவது ஒரு பையின் கைப்பிடிக்குள் நுழைத்து எடுங்கள். முனைகளைக் கூடையின் சட்டத்திலோ குறுக்குக் கம்பியிலோ கட்ட வேண்டும். முன்னால் உள்ள பிளாஸ்டிக் காற்றுத் தடுப்பில் கட்டவே கூடாது.

கிளம்பிப் பத்துப் பதினைந்து நிமிடத்தில் ஒருமுறை நிறுத்தி இறுக்கிப் பாருங்கள். துணிப் பைகள் அமுங்கிப் பெல்ட் தளர்ந்திருக்கும். கேரியர் புதிது என்றால் நட்டுகளையும் பாருங்கள்.

கேள்வி: 70 கிலோமீட்டர் வேகம் தாண்டினால் மேலே இருந்து ஒரு முரல் சத்தம்! தலைவலியே வந்துவிடுகிறது.

பதில்: தட்டையாகப் போன பெல்ட் காற்றில் அதிர்கிறது. சாமானைத் தொடாத பகுதியில் நாடாவை ஒன்றிரண்டு முறை முறுக்கிவிட்டுக் கட்டுங்கள், நின்றுவிடும்.

கேள்வி: நீர் புகாத பை என்று சொல்லி விற்றார்கள். ஸ்லீப்பிங் பேக் நனைந்துவிட்டது. பை சரியில்லையா?

பதில்: தையலைப் பாருங்கள். துணி நீர் புகாததாக இருந்தாலும் ஊசித் துளைகள் வழியே நீர் வரும்; வெப்பத்தால் ஒட்டிய இணைப்புள்ள பைகளே நல்லது. வாயைச் சுருட்டி மூடும் பை ஜிப் வைத்ததைவிட நம்பகமானது. ஜிப் பைதான் இருக்கிறது என்றால் ஜிப் வண்டியின் பின்பக்கம் பார்க்கும்படி வையுங்கள். ஓடும் வண்டியில் மழை முன்னாலிருந்து அழுத்தத்தோடு அடிக்கிறது, வாசலில் நிற்கும் பையின்மேல் விழும் மழைபோல் அல்ல.

எந்தப் பையாக இருந்தாலும் நனையக் கூடாததை உள்ளே இன்னொரு தடித்த பிளாஸ்டிக் உறையில் போட்டு முடிந்துவிடுங்கள். பைக்கும் கூடைக் கம்பிக்கும் நடுவே ரப்பர் விரிப்பு ஒன்று போட்டால் அடிப்பக்கம் தேய்ந்து ஓட்டை விழாது, வழுக்கலும் குறையும்.

கேள்வி: பெட்ரோல் கேனும் கேஸ் அடுப்பின் சிறிய குப்பிகளும் உள்ளே வைத்தால் நாற்றம். மேலே வைக்கலாமா?

பதில்: வேண்டாம். வெயிலில் 10 டிகிரி கூடினால் பெட்ரோலின் கன அளவு ஏறக்குறைய ஒரு சதவீதம் கூடும், ஆவியின் அழுத்தமும் ஏறும். விபத்தில் முதலில் பெயர்ந்து விழுவதும் கூரைச் சாமான்தான். பெட்ரோலை உள்ளேயும் வைக்காதீர்கள். கடைசி பெட்ரோல் பங்கில் டேங்க்கை நிரப்பிக்கொண்டு, போய்த் திரும்பும் தூரத்தை அதற்குள் திட்டமிடுவதே நல்லது. கேஸ் குப்பியை 50 டிகிரிக்கு மேல் சூடாக விடக் கூடாது என்று அதன் மேலேயே எழுதியிருக்கும். டிக்கியில் நிமிர்த்தி நிழலில் வைத்து, வண்டியை வெயிலில் நிறுத்தும்போது எடுத்துவிடுங்கள்.

கேள்வி: கேரியர் போட்டால் மைலேஜ் எவ்வளவு குறையும்?

பதில்: அமெரிக்க அரசின் எரிபொருள் சிக்கன வழிகாட்டி, கூரைமேல் பெரிய மொண்ணையான பெட்டி வைத்தால் நகரத்தில் 2 முதல் 8 சதவீதமும், நெடுஞ்சாலையில் 6 முதல் 17 சதவீதமும், மணிக்கு 105 முதல் 120 கிலோமீட்டர் வேகத்தில் 10 முதல் 25 சதவீதமும் குறையும் என்கிறது. காற்றின் தடை வேகத்தின் வர்க்கத்தைப் பொறுத்தது. 80 கிலோமீட்டரிலிருந்து 110க்குப் போனால் தடை ஏறத்தாழ இரு மடங்கு. ஆகவே மெதுவாகப் போனாலே அந்தக் கூடுதல் செலவில் ஒரு பகுதி தப்பும், சாமானுக்கும் நல்லது. காலிக் கூடைக்கும் தடை உண்டு. பயணம் முடிந்தால் கழற்றிவிடுங்கள்.

கேள்வி: அண்ணா, நான் உயரம் குறைவு. கணவர் இல்லாமல் குழந்தைகளோடு போகும்போது நடுப்பகுதி எட்டுவதே இல்லை. கதவுப் படியில் ஏறி நின்றால் வழுக்குகிறது.

பதில்: மடக்கும் படி ஸ்டூல் ஒன்று எடுத்துப் போங்கம்மா, முகாமில் உட்காரவும் ஆகும். பைகளை நீளவாக்கில் இல்லாமல் குறுக்காக வைத்தால் ஏதாவதொரு பக்கத்திலிருந்து கைப்பிடி எட்டும். நடுவில் வைக்கும் பையில் ஒரு கயிற்றைக் கட்டி நுனியை ஓரம்வரை கொண்டுவந்து, பெல்ட்டுக்கு அடியில் செருகிவிடுங்கள். தனியாக இறக்கத் தயங்கும் எடை எதையும் மேலே வைக்காதீர்கள். பெல்ட்டை மறுபக்கம் எறியும்போது பக்கிள் இல்லாத முனையை எறியுங்கள்; கண்ணாடியும் பிள்ளைகளும் தப்புவார்கள்.

கேள்வி: வேறு எதையாவது கவனிக்காமல் விடுகிறோமா?

பதில்: ஏற்றும் முன் டிக்கிக் கதவை முழுக்கத் திறந்து பாருங்கள், பல கார்களில் கூடையின் பின்முனையில் முட்டும். சன்ரூஃப் வெளிப்பக்கமாகத் திறப்பது என்றால் அதைத் தொடாதீர்கள். ஏற்றி முடித்ததும் தரையிலிருந்து உச்சிவரை அளந்து, அந்த எண்ணைச் சீட்டில் எழுதி ஓட்டுநர் பார்வையில் ஒட்டுங்கள். அடித்தளப் பார்க்கிங் வாசலில் அது வேண்டியிருக்கும்.

கேள்வி: திரும்பும்போது எல்லாம் ஈரமும் சேறுமாக இருக்கிறது. அதற்கு வேறு முறை உண்டா?

பதில்: உண்டு, போகும்போது இருந்த வரிசையை மறந்துவிடுங்கள். ஈரமானது எல்லாம் கூரைக்கு, உலர்ந்தது எல்லாம் உள்ளே. நனைந்த கூடாரம் கனத்துவிடும் என்பதால் அதை நடுவில் வையுங்கள். சேறு பட்டதற்கென்று ஒரு பழைய பையைக் காலியாகவே எடுத்துப் போகலாம். வீடு வந்த அன்றே கூடாரத்தை விரித்து உலர்த்துங்கள். ஓரிரு நாள் சுருட்டியபடி கிடந்தாலே பூஞ்சணம் பிடிக்கும், அந்த வாடை பிறகு போகாது.