கொரியாவா? கடலோரமாகப் போங்கள்! (வாசகர் கேள்வி–பதில்)

போன இதழில், தென்கொரியாவின் கோஜே தீவில் கப்பல் கட்டும் தளம் ஒன்றில் எட்டு வருஷம் வெல்டிங் இன்ஸ்பெக்டராக வேலை பார்த்த கதையை இரண்டு பக்கம் எழுதியிருந்தேன். கப்பலைப் பற்றி ஒருவர்கூடக் கேட்கவில்லை. வந்த கடிதங்களில் முக்கால்வாசி "அங்கே எதைப் பார்க்கலாம்?" என்றுதான். சரி, கப்பலை விடுவோம்.

கேள்வி: என் மகள் கொரிய சீரியல் பார்த்துப் பார்த்து, சியோலுக்குக் கூட்டிப்போ என்று அடம்பிடிக்கிறாள். ஆறு நாள்தான் லீவு. சியோல் மட்டும் போதுமா? – வாசகி, திருச்சி

போதாது. சியோலுக்கு இரண்டு நாள் கொடுங்கள். 1395-ல் கட்டிய கியோங்போக்குங் அரண்மனைக்குப் பக்கத்திலேயே ஹன்போக் என்ற பாரம்பரிய உடை வாடகைக்குக் கிடைக்கும். அதை உடுத்திக்கொண்டு போனால் அரண்மனைக்கு டிக்கெட் வேண்டாம். உங்கள் மகளுக்கு வேண்டியதே அதுதான். ஒன்று மட்டும் ஞாபகம் இருக்கட்டும்: கியோங்போக்குங்குக்குச் செவ்வாய்க்கிழமை விடுமுறை, இன்னொரு அரண்மனையான சாங்டொக்குங்குக்குத் திங்கள். பூட்டிய வாசலுக்கு முன்னால் நின்று போட்டோ எடுத்துக்கொண்டு திரும்பியவர்களில் அடியேனும் ஒருவன்.

மிச்ச நாலு நாளையும் கடலுக்குக் கொடுங்கள். கொரியாவுக்கு மூன்று பக்கமும் கடல், மூன்றும் மூன்று மாதிரி. கிழக்கே ஆழமான, தெளிந்த தண்ணீர். ஏற்றவற்றம் கண்ணுக்கே தெரியாது. மேற்கே ஒரே சேறு. இன்சோன் பக்கம் தண்ணீர் ஒன்பது மீட்டர் வரைக்கும் ஏறி இறங்கும். தெற்கே எங்கு பார்த்தாலும் தீவு. அந்த ஊர்ச் சரித்திரத்தில் பாதி இந்த மூன்று கடலில்தான் நடந்தது.

கேள்வி: நான் ஓய்வுபெற்ற சரித்திர ஆசிரியர். கடலும் சரித்திரமும் சேர்ந்த இடம் ஒன்றைச் சொல்லுங்கள். – வாசகர், தஞ்சாவூர்

உங்களுக்கென்றே ஓர் ஊர் இருக்கிறது ஐயா: கியோங்ஜு. பழங்காலக் கொரிய நாடுகளில் ஒன்றான ஷில்லாவின் தலைநகர். ஊருக்கு நடுவே பச்சைப் புல் மூடிய மேடுகள், குட்டிக் குன்று மாதிரி. அவ்வளவும் ராஜாக்களின் சமாதி. 1973-ல் தோண்டிய சொன்மசோங் என்ற சமாதிக்கு உள்ளேயே போய்ப் பார்க்கலாம். பக்கத்திலேயே சொம்சொங்தே இருக்கிறது. ஏழாம் நூற்றாண்டில் ராணி சொந்தொக் காலத்து வானோக்குக் கோபுரம் அது, உயரம் ஒன்பது மீட்டர்தான். பலர் "இவ்வளவுதானா?" என்று கேட்டுவிட்டு நகர்ந்துவிடுவார்கள். நீங்கள் நகர மாட்டீர்கள் என்று தெரியும். மலைமேல் புல்குக்சா கோயில், அதற்கும் மேலே சொக்குராம் குகையில் கிழக்குக் கடலைப் பார்த்தபடி கருங்கல் புத்தர். இரண்டும் 1995-லேயே யுனெஸ்கோ பட்டியலில் ஏறியவை. ஆனால் புத்தரைக் கண்ணாடிக்கு வெளியே நின்றுதான் பார்க்க முடியும், போட்டோ கூடாது. இதை முன்கூட்டியே சொல்லிவிட்டால் ஏமாற்றம் கம்மி.

இதெல்லாம் எல்லாரும் பார்ப்பது. நான் சொல்ல வந்தது வேறு. டவுன் பஸ் பிடித்துக் கிழக்கே பொங்கில் கடற்கரைக்குப் போங்கள். கரையிலிருந்து இருநூறு மீட்டர் தள்ளி, தண்ணீருக்குள் ஒரு பாறைக்கூட்டம் தெரியும். அதுதான் முன்மு ராஜாவின் சமாதி. அன்றைய கொரியாவின் மூன்று நாடுகளை ஒன்றாக்கிய ஷில்லா அரசர். 681-ல் இறக்கும்போது, "என்னை எரித்துக் கிழக்குக் கடலில் சேர்த்துவிடுங்கள், டிராகனாக மாறி நாட்டைக் காப்பேன்" என்று சொல்லிப் போனாராம். ஜப்பானியக் கொள்ளையர்கள் வந்தது அந்தக் கடல் வழியாகத்தான்.

நான் போனது ஒரு பிப்ரவரி மாதக் காலையில். சமாதி என்பதால் மெளனமாக இருக்கும் என்று நினைத்துப் போனேன். கரையில் நாலைந்து இடத்தில் சாமியாடிப் பெண்கள் மத்தளம் கொட்டிக்கொண்டிருந்தார்கள். மணலில் குழி பறித்து, காற்று அணைக்காதபடி உள்ளே மெழுகுவத்தி. படையலில் பழம், காய்ந்த மீன், அரிசிச் சாராயம். படைத்ததை எப்போது விடுவார்கள் என்று நூறு கடற்காகங்கள் காத்திருந்தன. தெற்கே திரும்பினால் அணுமின் நிலையத்தின் உருண்டைக் கூரைகள். சாமியாடி, அணு உலை, கடலுக்குள் ராஜா எல்லாம் ஒரே பார்வையில்!

திரும்பும் வழியில் காமுன்சா. கோயில் போய்விட்டது, இரண்டு கல் கோபுரங்கள் மட்டும் நிற்கின்றன. முன்மு ராஜாவின் மகன் 682-ல் கட்டி முடித்தது. சந்நிதி இருந்த இடத்தைக் குனிந்து பாருங்கள்: தரைக்கடியில் கல் தாங்கி இடைவெளி விட்டிருப்பார்கள். டிராகனான அப்பா கடலிலிருந்து உள்ளே வந்துபோக வழி! அந்த வழியில் பஸ் அடிக்கடி கிடையாது. நேரம் பார்த்துப் போங்கள்.

கேள்வி: அம்மா, அப்பா இருவருக்கும் அறுபத்தைந்து தாண்டிவிட்டது. முழங்கால் வலி வேறு. பூசான் கூட்டிப்போகலாமா? – வாசகி, கோவை

தாராளமாக. பூசான் தென்கிழக்கே ஒரு துறைமுக நகரம். சியோலிலிருந்து கேடிஎக்ஸ் அதிவேக ரயிலில் மூன்று மணி நேரத்துக்குள் போய்விடலாம். ஹேயுந்தே கடற்கரையில் ஒன்றரை கிலோமீட்டர் சமதரை, உட்கார இடம் உண்டு. ஜகால்ச்சி மீன் சந்தையும் கஷ்டமில்லை. அம்மா சைவம் என்றால் மட்டும் வாசலோடு நிறுத்திவிடுங்கள், உயிருள்ள மீன்தொட்டிகளைத் தாண்டிப் போவது அவருக்குச் சங்கடம்.

யோங்குங்சா கோயில்தான் யோசிக்க வேண்டியது. கொரியாவில் கோயில் என்றால் மலைக்காட்டுக்குள் இருக்கும். இது 1376-ல் அலையடிக்கும் பாறைமேல் தொடங்கியது. 1592-ல் தொடங்கிய ஜப்பானியப் படையெடுப்பில் அழிந்து, 1930-களில் திரும்பக் கட்டினார்கள். போக 108 படி இறங்கணும். இறங்குவது சுகம், வரும்போது அத்தனையும் ஏறணும். மெதுவாக, நின்று நின்று ஏறினால் முடியும். முடியாது என்றால் மேலேயே, வாகனங்கள் விபத்தில்லாமல் ஓடப் பிரார்த்தித்து வைத்த ஒரு கோபுரம் இருக்கிறது, அதைப் பார்க்கலாம். நம் பாடிகாட் முனீஸ்வரருக்கு அங்கே ஒரு பங்காளி!

காம்சொன் கிராமத்தை வண்ண வண்ணமாகப் போட்டோவில் பார்த்திருப்பீர்கள். கொரியப் போரில் ஓடிவந்த அகதிகள் மலைச்சரிவில் அடுக்கடுக்காகக் கட்டிக்கொண்ட வீடுகள். வண்ணமெல்லாம் பிற்பாடு வந்தது. முழுக்கப் படிக்கட்டு. அப்பா அம்மாவை மேல் சாலையில் காபிக்கடையில் உட்காரவைத்துவிட்டு நீங்கள் இறங்குங்கள்.

கேள்வி: கொரிய ராணி ஒருத்தி கன்னியாகுமரித் தமிழச்சி என்று வாட்ஸ்அப்பில் வருகிறதே, உண்மையா? – வாசகர், நாகர்கோவில்

இந்தக் கேள்வி வரும் என்று தெரியும். வரவில்லையென்றால்தான் ஆச்சரியம்.

கதை இது: கி.பி. 48-ல் ஆயுதா என்ற தேசத்து இளவரசி கப்பலேறி வந்து, கொரியாவின் தெற்கே இருந்த காயா நாட்டின் சூரோ ராஜாவைக் கட்டிக்கொண்டாள். பெயர் ஹோ ஹ்வாங்-ஓக். இதைச் சொல்வது 'சம்குக் யூசா' என்ற நூல். இர்யோன் என்ற பிக்கு பதின்மூன்றாம் நூற்றாண்டில் தொகுத்தது. அதாவது, நடந்ததாகச் சொல்லும் நாளுக்கு 1,200 வருஷம் கழித்து! ஆயுதா என்பது அயோத்தி என்று ஒரு கட்சி; ஆய் நாடு, கன்னியாகுமரி என்று நம் கட்சி. அயோத்தியில் கடலே இல்லையே என்று நாம் மடக்கலாம்தான். ஆனால் நம் பக்கமும் கையில் ஆதாரம் இல்லை. அம்மாவுக்கு 'ஒம்மா', அப்பாவுக்கு 'அப்பா', புல்லுக்கு 'புல்' என்று கொரியனில் கேட்கும்போது எனக்கும் புல்லரித்தது. 1905-லேயே ஹோமர் ஹல்பர்ட் என்ற அமெரிக்கர் கொரியனையும் திராவிட மொழிகளையும் ஒப்பிட்டுப் புத்தகமே போட்டார். இரண்டும் ஒரு குடும்பம் என்பதை மொழியியலாளர்கள் இன்று ஏற்பதில்லை.

இருந்தாலும் போய்ப் பாருங்கள். பூசானின் சசாங்கிலிருந்து பக்கத்து ஊர் கிம்ஹேவுக்கு இலகு ரயில், 'சூரோ ராஜா சமாதி' என்றே ஒரு ஸ்டேஷன். சமாதி வாசலில் இரட்டை மீன் வரைந்திருப்பார்கள், நம் ஆட்கள் பார்த்தவுடன் "பாண்டியன்!" என்று கத்துவார்கள். ராணியின் சமாதி தனியே மேட்டில் இருக்கிறது. அருகே சிவப்புக் கல் அடுக்கு ஒன்று, கப்பலில் அலையை அடக்க அவள் கொண்டுவந்தது என்று ஐதீகம்.

சூரோ ராஜாவின் வழிவந்தவர்கள் என்று சொல்லிக்கொள்ளும் கிம்ஹே கிம் வம்சத்தார் இன்று 40 லட்சத்துக்கு மேல். எங்கள் தளத்து ஃபோர்மேனும் அதில் ஒருவர். வேலைக்குச் சேர்ந்த முதல் வாரமே என் தோளில் தட்டி, "உன் ஊர் எனக்குப் பாட்டி வீடு" என்றார். அப்புறம் வெல்டிங் சரியில்லை என்று நான் திருப்பி அனுப்பிய நாளில் அந்த உறவைப் பற்றிப் பேச்சே எடுக்கவில்லை.

கேள்வி: நாங்கள் சுத்த சைவம். பட்டினிதானா? – வாசகி, கும்பகோணம்

பட்டினி இல்லை, ஆனால் எச்சரிக்கை வேண்டும். "கோகி பெஜுசெயோ" என்றால் "இறைச்சி வேண்டாம்" என்று அர்த்தம். பிரச்சினை என்னவென்றால், மீனை அவர்கள் இறைச்சியில் சேர்ப்பதில்லை. பிபிம்பாப் என்ற காய்கறிக் கலவைச் சோற்றில் கறியை எடுத்துவிட்டு முட்டையை வைப்பார்கள். கிம்ச்சி என்ற முட்டைக்கோஸ் ஊறுகாயில் பெரும்பாலும் உப்பு இறாலோ மீன் சாறோ இருக்கும். நம்பிப் போக இடம் பெளத்தக் கோயில்தான். அங்கே வெங்காயம், பூண்டுகூடக் கிடையாது. 2002 உலகக் கோப்பை கால்பந்து சமயத்தில் ஆரம்பித்த 'டெம்பிள் ஸ்டே'யில் ஓரிரவு தங்கிச் சாப்பிடலாம். தட்டில் ஒரு பருக்கை மிச்சம் வைக்கக் கூடாது. பையில் பருப்புப் பொடி இருக்கட்டும். சோறு எங்கும் கிடைக்கும்.

கேள்வி: வடகொரிய எல்லை தவிர, போரின் சுவடு உள்ள இடம் ஏதாவது? – வாசகர், மதுரை

வடகிழக்கே சொக்சோ. அங்கே 'அபாய் கிராமம்' என்று மணல்திட்டில் ஒரு குடியிருப்பு. வடக்கே ஹம்கியோங்கிலிருந்து போரில் ஓடிவந்தவர்கள், சண்டை நின்றதும் ஊருக்குத் திரும்பிவிடலாம் என்று எல்லைக்குப் பக்கத்திலேயே தங்கினார்கள். 1953-ல் சண்டை நின்றது, வழி திறக்கவில்லை. ஊருக்குள் போக ஒரு தட்டைப் படகு. இன்ஜின் கிடையாது. வாய்க்காலுக்குக் குறுக்கே இரும்புக் கம்பி வடம். கையில் ஒரு கொக்கி கொடுப்பார்கள், வடத்தில் மாட்டி இழுத்துக்கொண்டே படகில் பின்னோக்கி நடக்கணும். படகு முன்னே போகும். நாமும் இழுக்கலாம், யாரும் தடுக்க மாட்டார்கள். கொஞ்ச தூரம்தான், ஆனால் அக்கரையில் இறங்கும்போது உள்ளங்கை சிவந்திருக்கும்.

கேள்வி: கடல் பிளந்து வழிவிடுமாமே? – மாணவர், சேலம்

ஜிண்டோ தீவில், தம்பி. அற்புதம் இல்லை, ஏற்றவற்றம். சூரியனும் சந்திரனும் ஒரே நேர்கோட்டில் இழுக்கும் வசந்தகால நாட்களில் தண்ணீர் வெகுவாக வற்ற, அடியில் இருக்கும் மேடு வெளியே வரும். 2.8 கிலோமீட்டர், ஒரு மணி நேரம். தேதி வருஷா வருஷம் மாறும். தோல் ஷூ போட்டுக்கொண்டு போகாதே. என்னுடையது அன்றோடு சரி. கரையில் முழங்கால் உயர ரப்பர் பூட்ஸ் கிடைக்கும்.

கேள்வி: ஜெஜு தீவில் பெண்கள் முத்துக் குளிக்கிறார்களாமே? – வாசகி, தூத்துக்குடி

குளிப்பது உண்மை, முத்துக்காக இல்லை. சிப்பி, சங்கு, கடலட்டை, பாசி இவற்றுக்காக. ஹேன்யோ என்பார்கள், 2016-ல் யுனெஸ்கோ அங்கீகாரம். முதுகில் காற்றுச் சிலிண்டர் கிடையாது, மூச்சடக்கித்தான் முழுக்கு. இன்று முழுகுகிறவர்களில் பெரும்பாலோர் பாட்டிகள். சொங்சான் எரிமலை மேட்டில் (182 மீட்டர், அத்தனையும் படி) ஏறிவிட்டு, அடிவாரக் கரைக்கு இறங்கி நின்று காது கொடுங்கள். ஆரஞ்சு மிதவைக்குப் பக்கத்தில் தலை மேலே வந்ததும் 'ஹோய்ய்' என்று மெலிந்த ஒரு விசில். அடக்கின மூச்சை விடுகிற சத்தம் அது, 'சும்பிசோரி'. காற்று அடிக்கும் நாளில் கடற்காகம் கத்துகிறது என்றே நினைத்தேன். கரையேறியதும் அவர்களே அறுத்துத் தட்டில் வைத்துத் தருவார்கள். 1932-ல் ஜப்பானிய ஆட்சியை எதிர்த்துக் கிளர்ந்தெழுந்த பெண்களின் பரம்பரை. பேரம் பேசாதீர்கள்.

கேள்வி: எந்த மாதம் நல்லது? – பலர்

அக்டோபர். இல்லையென்றால் ஏப்ரல். ஜூன் கடைசியிலிருந்து ஜூலை வரை மழை. சூசோக் (அறுவடைத் திருநாள்), சொல்லால் (சந்திரப் புத்தாண்டு) பண்டிகைகளில் ரயில் டிக்கெட் கிடைக்காது. விசாவை முன்கூட்டியே எடுத்துவிடுங்கள்.

கேள்வி: எட்டு வருஷத்தில் உங்களுக்கு ரொம்பப் பிடித்த இடம்? – வாசகர், புதுச்சேரி

கோஜேயில் ஹக்தோங் கடற்கரை. மணலே கிடையாது, எல்லாம் கறுப்புக் கூழாங்கல். அலை வரும்போது மற்ற கடல் மாதிரிதான். திரும்பும்போதுதான் விஷயம்: லட்சம் கல்லும் ஒன்றன்மேல் ஒன்று உருண்டு, பெரிய சல்லடையில் வேர்க்கடலை சலிக்கிற மாதிரி சத்தம். ஞாயிற்றுக்கிழமை அதைக் கேட்கவே பஸ் ஏறிப் போவேன். தேசியப் பூங்கா என்பதால் கல் எடுக்கக் கூடாது. ஊரிலிருந்து வந்திருந்த என் மகன் ஒன்றைச் சட்டைப்பையில் போட்டான். நெத்திலி காயவைத்துக்கொண்டிருந்த கிழவி ஒன்றும் சொல்லவில்லை, பையையே பார்த்தாள். அவன் கல்லைப் போட்டுவிட்டான். அவள் கைநிறைய நெத்திலியை அள்ளி அதே பையில் போட்டாள். அந்தச் சட்டையை எத்தனை துவைத்தும் வாசம் போகவில்லை.