பிரிண்ட் போடுகிறவர்கள் எங்கே போனார்கள்?

வணக்கம்.

புகைப்படம் பற்றிய உங்கள் கட்டுரையில் ‘இருட்டறை இன்னும் சாகவில்லை’ என்று போகிறபோக்கில் ஒரு வரி எழுதியிருந்தீர்கள். எனக்கு அதில் உடன்பாடில்லை. செல்போனில் ஒரு நொடியில் கிடைப்பதை, ஃபிலிமிலிருந்து பிரிண்ட் போடும் அந்த அறையில் மணிக்கணக்கில் அமிலத்தில் கையை விட்டுக்கொண்டு செய்வதற்குப் பெயர் பழம்பெருமை, வேறொன்றுமில்லை. கணினியில் கறுப்பு வெள்ளையாக்கி இங்க்ஜெட்டில் அச்சிட்டு மாட்டினால் யாராவது வித்தியாசம் கண்டுபிடிப்பார்களா? காலாவதியான ஒன்றுக்காக எதற்கு இவ்வளவு கண்ணீர்?

எஸ்.

அன்புள்ள எஸ்.,

கண்டுபிடிக்க மாட்டார்கள். நல்ல பருத்தித் தாளில் எடுத்த இங்க்ஜெட் பிரிண்டையும் ஒளிபட்டால் மாறும் வெள்ளி உப்பு பூசிய தாளில் போட்ட பிரிண்டையும் சட்டம் போட்டுப் பக்கத்தில் பக்கத்தில் மாட்டினால், இரண்டடி தள்ளி நிற்கும் பெரும்பாலானவர்களுக்கு எது எது என்று தெரியாது. டிரேயில் வெள்ளைத் தாளிலிருந்து உருவம் மெல்ல எழுந்துவரும் அந்த மாயத்தைப் பற்றி எழுதாத ஆளே இல்லை. முதல் தடவை சிலிர்க்கும்தான். அப்புறம் அது காத்திருப்பு, உருவத்தை நிலைக்கவைக்கும் ஃபிக்ஸரின் வாடை, இடுப்புவலி. அதை வைத்து இருட்டறைக்கு வக்காலத்து வாங்க நான் வரவில்லை. (உருவத்தை வெளிக்கொண்டுவரும் டெவலப்பர் காரத்தன்மை உள்ளது. அமிலம் என்றால் முக்கியமாக அடுத்த டிரேயில் இருக்கும், டெவலப்பரின் வேலையை நிறுத்தும் ஸ்டாப் பாத், அதுவும் பெரும்பாலும் வினிகரின் அமிலம்தான். கையை விடுவதில்லை, இடுக்கி இருக்கிறது.)

ஆனால் ‘காலாவதி’ என்று ஒரே சொல்லில் முடித்துவிட முடியாது. உங்கள் செல்போன் படத்தை லேபில் கொடுத்து வாங்கும் கலர் பிரிண்டே பல இடங்களில் இன்றும் வெள்ளி உப்புத் தாளில்தான் வருகிறது. லேசர் ஒளி எழுதுகிறது, இயந்திரம் கழுவிக் காயவைத்துத் தள்ளுகிறது. வேதியியல் அப்படியே இருக்கிறது. நெகடிவைப் பெரிதாக்கித் தாளில் ஒளியாக விழவைக்கும் என்லார்ஜரும் அதன் அடியில் அசையும் கைகளும்தான் இல்லை.

கறுப்பு வெள்ளைத் தாளின் கதை வேறு. 2004-ல் பிரிட்டனின் இல்ஃபோர்ட் என்ற ஃபிலிம், தாள் நிறுவனம் திவாலின் விளிம்புக்குப் போனது. 2005-ல் கோடாக் கறுப்பு வெள்ளைத் தாள் தயாரிப்பை நிறுத்துவதாக அறிவித்தது. அதே ஆண்டு ஜெர்மனியில் ஆக்ஃபாஃபோட்டோ திவாலானது. தாளில் எமல்ஷன் என்ற ஒளியுணர் பூச்சைப் பூசும் இயந்திரங்கள் அகலமான சுருள்களை நிற்காமல் ஓட்டுவதற்காகக் கட்டப்பட்டவை. விற்பனை பாதியானால் இயந்திரத்தைப் பாதியாக்க முடியாது. பூசிய தாளை வருடக்கணக்கில் கிடங்கில் போட்டு வைக்கவும் முடியாது, கெட்டுவிடும். ஆகவே பெரியவர்கள் விழுந்தார்கள், சின்னதாக வாழத் தெரிந்தவர்கள் மிஞ்சினார்கள். இல்ஃபோர்டின் மேலாளர்களே கறுப்பு வெள்ளைப் பிரிவை வாங்கி ஹார்மன் டெக்னாலஜி என்ற பெயரில் நடத்தினார்கள், 2015-ல் அது கைமாறினாலும் தாள் வந்துகொண்டிருக்கிறது. செக் நாட்டில் 1921-லிருந்து இருக்கும் ஃபோமாவும் இன்னும் தாள் செய்கிறது. ஆக, தாளுக்காகக் கண்ணீர் விட வேண்டிய தேவை எனக்கும் இல்லை.

எனக்கு உறுத்துவது பிரிண்ட் போட்ட ஆட்கள் போனது.

பிரெஞ்சுப் புகைப்படக்காரர் கார்த்தியே-ப்ரெஸ்ஸோன் தன் படங்களைத் தானே பிரிண்ட் போட்டவரில்லை. பாரிஸில் பியர் காஸ்மன் 1950-ல் தொடங்கிய பிக்டோ லேபில் அவருக்காகப் போட்டார்கள். நியூயார்க்கில் மேக்னம் என்ற புகைப்பட நிறுவனத்தின் இருட்டறையில் பாப்லோ இனிரியோ என்பவர் வேலை செய்தார். அவருடைய குறிப்புப் பிரிண்டுகள் இணையத்தில் கிடைக்கும், பாருங்கள். நாம் நன்கறிந்த படங்களின் மேல் கோடுகளும் வட்டங்களும் எண்களும். எந்த இடத்துக்கு எவ்வளவு ஒளி கூட வேண்டும், எங்கே குறைய வேண்டும் என்ற வரைபடம்.

என்ன செய்கிறார்கள் என்றால், முதலில் டெஸ்ட் ஸ்டிரிப் என்ற சோதனைத் தாள் துண்டு ஒன்றில், எவ்வளவு நேரம் ஒளி விழ வேண்டும் என்று கண்டுபிடிக்கிறார்கள். 00-லிருந்து 5 வரை உள்ள ஃபில்டர்களில் எந்த கான்ட்ராஸ்ட், அதாவது கறுப்புக்கும் வெள்ளைக்கும் எவ்வளவு வேறுபாடு, என்று முடிவாகிறது. பிறகு தாளின்மேல் ஒளி விழும் அந்தச் சில நொடிகளுக்குள், கம்பி நுனியில் ஒட்டிய அட்டைத் துண்டால் முகத்தின்மேல் நிழல் விழச் செய்து அதை வெளிறவைப்பார்கள். ஓட்டையிட்ட அட்டை வழியாக வானத்துக்கு மட்டும் கூடுதல் ஒளி கொடுத்துக் கறுக்கவைப்பார்கள். அட்டையை அசைத்துக்கொண்டே இருக்க வேண்டும், நின்றால் விளிம்பு தெரிந்துவிடும். ஃபோட்டோஷாப்பில் டாட்ஜ் கருவியின் படம் அந்தக் கம்பியும் அட்டையும்தான். பர்ன் கருவிக்குக் குவித்த கை. சரி, அங்கே பிடிக்காவிட்டால் திரும்பப் பெறலாம். இங்கே தாள் குப்பைக்குப் போகும், மறுபடி முதலிலிருந்து. இதற்கும் மேல், பேரியம் பூச்சுள்ள பரைட்டா தாள் காயும்போது சற்றுக் கறுக்கும். ஈரத்தில் சரியாக இருப்பது நாளை காலையில் தப்பாக இருக்கும். காய்ந்தபின் எப்படியிருக்கும் என்று இப்போதே ஊகித்து வெளுப்பாகப் போட வேண்டும்.

அமெரிக்கப் புகைப்படக்காரர் ஆன்சல் ஆடம்ஸ் 1941-ல் நியூ மெக்சிகோவில் ஹெர்னாண்டஸ் என்ற சிற்றூரின்மேல் நிலவு நிற்பதை எடுத்தார். ஒரே நெகடிவ். அதிலிருந்து சுமார் முப்பது நாற்பது ஆண்டுகளில் ஆயிரத்துக்கும் மேல் பிரிண்ட் போட்டார். ஆரம்பத்தில் போட்டவற்றில் வானம் சாம்பல் நிறம், மேல்மேகங்கள் தெரியும். கடைசிக் காலத்தவற்றில் வானம் ஏறக்குறைய கரி. நிலவு அதேதான், பார்க்கிற ஆள் மாறிக்கொண்டே வந்திருக்கிறார்.

அவர் தனக்குத்தானே போட்டுக்கொண்டார். வேறொருவர் போடும்போது இன்னொன்றும் நடந்தது. எடுத்தவருக்கு அந்த நாளின் வெயிலும் பட்ட பாடும் நினைவிலிருக்கும், அவை படத்தில் இல்லாவிட்டாலும் இருப்பதாகத் தோன்றும். பிரிண்ட் போடுகிறவருக்கு நெகடிவில் இருப்பது மட்டும்தான் தெரியும். ‘இது தேறாது’ என்று அவரால் சொல்ல முடியும். இப்போது புதிதாக இருட்டறைக்கு வரும் இளைஞர்கள் பெரும்பாலும் தங்கள் படங்களைத் தாங்களே போட்டுக்கொள்கிறார்கள். சந்தோஷம். ஆனால் திரும்பி வந்திருப்பது என்லார்ஜரும் சிவப்பு விளக்கும், அந்த இரண்டாவது ஆள் இல்லை.

இங்க்ஜெட்டில் அச்சிட்டாலும் படத்தைத் தன் கண்ணால் பார்த்து, எடுத்தவரோடு சண்டை பிடித்து, பத்துத் தாளை வீணாக்கி ஒன்றைக் கொடுக்கிற ஆட்கள் சிலர் இருக்கிறார்கள். என் கணக்கில் அவர்கள்தான் இருட்டறையின் வாரிசுகள், அவர்கள் அறையில் விளக்கு எரிந்தாலும். நீங்களும் உங்கள் படம் ஒன்றைத் திருத்தாமல் இரண்டு பேரிடம் தனித்தனியே கொடுத்து, ‘உங்களுக்குத் தோன்றுகிறபடி போடுங்கள்’ என்று சொல்லிப் பாருங்கள். வித்தியாசம் தெரிகிறதா என்று அப்புறம் எழுதுங்கள்.

அன்புடன்.