ஆம்ஸ்டர்டாமில் கம்யூனிகேஷன் சயின்ஸ்: கேமராவும் எடிட்டிங்கும் சொல்லித் தருவார்களா?

மாட்டார்கள். விஸ்காம் மாதிரி நினைத்துப் போனால் ஏமாற்றம்தான். ஆம்ஸ்டர்டாம் பல்கலைக்கழகத்தில் இது முழுக்க சமூக அறிவியல். ஊடகம் மனிதரை என்ன செய்கிறது என்பதை அளந்து பார்க்கும் படிப்பு.

ஓர் உதாரணம். ஒரே செய்தி, இரண்டு தலைப்புகள். ஒன்றில் அகதிகள் ‘சுமை’, மற்றொன்றில் ‘உழைப்பாளிகள்’. குலுக்கல் முறையில் பிரித்த இரு குழுக்களுக்கும் ஆளுக்கொன்றைக் காட்டி, பிறகு ஒரே கேள்வித்தாளைக் கொடுப்பார்கள். பதில்களில் தெரியும் வித்தியாசம் தற்செயலா, தலைப்பின் வேலையா? அதைச் சொல்லப் புள்ளியியல் வேண்டும். கணக்குக்குப் பயந்து ஆர்ட்ஸ் எடுத்தவர்கள் மாட்டிக்கொள்ளும் இடம் இதுதான்!

இளங்கலை 3 ஆண்டு, ஆங்கிலத்திலேயே படிக்கலாம். முதுகலை 1 ஆண்டு. ஆராய்ச்சி முதுகலை என்றால் 2. பிஎச்.டி. எண்ணம் இருந்தால் ஆராய்ச்சி முதுகலைதான் சரி என்பேன். மதிப்பெண் 10-க்கு, 8 வாங்கினாலே பெரிய விஷயம், அழவேண்டாம்.

வகுப்பு நடக்கும் ரூட்டர்ஸைலாந்து வளாகத்துக்கு நடுவிலேயே கால்வாய் ஓடுகிறது. ஊர் அழகு, அறைதான் குதிரைக்கொம்பு. அட்மிஷன் கடிதம் வந்த அன்றே வீடு தேடத் தொடங்குங்கள். நேரில் பார்க்காமல் முன்பணம் அனுப்பாதீர்கள், மோசடிகள் ஏராளம்.