பாய்க்கப்பல் ஓடிய பூட்டனைத் தேடுவது: பதில்

வணக்கம். யாழ்ப்பாணத்து வல்வெட்டித்துறையில் தண்டையலாக, அதாவது பாய்க்கப்பல் தலைவனாக, இருந்த பூட்டனின் பெயர் மட்டும் தெரியும், அவருடைய இறப்புப் பதிவு கிடைக்கவில்லை என்று கேட்டிருந்தீர்கள். இறப்பை விட்டுவிடுங்கள். ரங்கூனுக்கும் நாகபட்டினத்துக்கும் போய்வந்த ஆட்கள் அவர்கள். கடலிலோ அக்கரையிலோ இறந்திருந்தால் இங்கே பதிவு இருக்க வேண்டுமென்றில்லை.

அவருடைய பிள்ளைகளின் பதிவுகளைப் பிடியுங்கள். இலங்கையில் பிறப்பு, இறப்புப் பதிவு 1897இல் கட்டாயமானது. பிறப்புப் பதிவில் தகப்பனின் முழுப்பெயரும் தொழிலும் வரும். கலியாணப் பதிவு இன்னும் நல்லது, இரண்டு பக்கத்துத் தகப்பன்மாரும் அகப்படுவார்கள். மாப்பிள்ளை பெண்வீட்டோடு போயிருக்கிற வழக்கம் தெரியும்தானே, அதனால் பூட்டியின் ஊரையும் பாருங்கள். பதிவேடு ஆங்கிலத்தில் என்றால், கந்தையா போன்ற ஒரு பெயரை 'கே' வரிசையிலும் தேட வேண்டும், 'சி' வரிசையிலும் தேட வேண்டும்.

என்னைக் கேட்டால் சீதன உறுதிதான், அதாவது பெண்ணுக்குச் சீதனமாகக் காணி எழுதிக் கொடுத்த பத்திரம்தான், தங்கம். காணியின் பெயர், நாலு எல்லையிலும் யார் யாருடைய காணி, கொடுக்கிற தாய் தகப்பனுக்கு அது எந்த உறுதிப்படி வந்தது, எல்லாம் ஒரே தாளில் இருக்கும். அந்தப் பழைய உறுதியின் இலக்கத்தையும் திகதியையும் குறித்துக்கொண்டு காணிப் பதிவகத்தில் ஒரு தலைமுறை பின்னால் போகலாம். கந்தோருக்கு, அதாவது பதிவு அலுவலகத்துக்கு, அலைய முதல் வீட்டுப் பெட்டகத்தைக் கிளறுங்கள். சிறியதாய், பெரியதாய் வீடுகளிலும் கேளுங்கள்.

பூட்டி வேதக்காரி, அதாவது கிறிஸ்தவர், என்றால் தேவாலய ஞானஸ்நான ஏடு இருக்கிறது, அதில் தேடுவது சுலபம்.

பூட்டனின் மகளான உங்கள் அம்மம்மா பிறந்த ஊரையும் ஏறத்தாழ எந்த ஆண்டு என்பதையும் போடுங்கள், எந்தப் பதிவாளர் பிரிவு என்று பார்க்கலாம்.