கணினிக் கேள்வி பதில்: காணாமற்போன இன்பொக்ஸ்

கேள்வி: நான் கொக்குவிலில் வசிக்கும் ஓய்வுபெற்ற ஆசிரியை. ரொறன்ரோவில் இருந்த என் தமையனார் பதினொரு வருடங்களாக எனக்கு எழுதிய மின்னஞ்சல்கள் யாவும் தண்டர்பேர்ட் மென்பொருளில் இருந்தன. அவர் சென்ற வருடம் காலமாகிவிட்டார். கடந்த மாதம் வைரஸ் தடுப்பு மென்பொருள் ஓர் எச்சரிக்கையைக் காட்ட, ‘கிளீன்’ என்பதை அழுத்தினேன். மறுநாள் பார்த்தால் இன்பொக்ஸ் வெறுமையாகக் கிடக்கிறது. வைரஸ் அத்தனை கடிதங்களையும் அழித்துவிட்டதா? மீட்க வழியுண்டா?

பதில்: அம்மா, முதலில் ஒரு வேண்டுகோள். அந்தக் கணினியில் புதிதாக எதையும் நிறுவ வேண்டாம். யார் சொன்னாலும் கடையிற் கொடுத்து ‘போமற்’ செய்விக்கவும் வேண்டாம். தாங்கள் எழுதியதைப் பார்த்தால், கடிதங்களை வைரஸ் அழிக்கவில்லை. அதைப் பிடிக்க வந்த மென்பொருளே அவற்றை எடுத்துப் பூட்டிவைத்திருக்கிறது என்றே எண்ணுகிறேன். அப்படியானால் அவை இன்னும் அக்கணினிக்குள்ளேயே இருக்க வேண்டும்.

தண்டர்பேர்ட் வழக்கமாக ஒரு கோப்புறையிலுள்ள கடிதங்கள் எல்லாவற்றையும் ஒன்றன்பின் ஒன்றாகச் சேர்த்து ஒரே கோப்பாகவே எழுதிவைக்கிறது. தங்கள் தொழிலை வைத்தே சொல்வதானால், வகுப்பிலுள்ள நாற்பது பிள்ளைகளின் கட்டுரைகளையும் ஒரே கொப்பியில் எழுதுவித்தது போன்றது அது. அதில் ஒரு பக்கத்தில் கறை இருப்பதைக் கண்ட வைரஸ் தடுப்பு மென்பொருளுக்கு அந்தப் பக்கத்தை மட்டும் கிழித்தெடுக்கத் தெரியாவிட்டால், அது கொப்பி முழுவதையுமே தனிமைப்படுத்திவிடுகிறது. அவுட்லுக் என்னும் மின்னஞ்சல் மென்பொருள் கடிதங்களைச் சேர்த்துவைக்கும் பிஎஸ்ரி கோப்புக்கும் இதே ஆபத்து உண்டு.

இத்தனைக்கும், கடிதத்தோடு வந்து கிடக்கும் வைரஸ் தானாக எழுந்து எதையும் செய்வதில்லை. மின்னஞ்சலோடு வரும் இணைப்பு (சேர்த்து அனுப்பப்படும் கோப்பு) வெறும் எழுத்துகளாக மாற்றப்பட்ட நிலையிலேயே கோப்புக்குள் இருக்கும். யாரேனும் அந்த இணைப்பைத் திறந்தாலன்றி அது இயங்காது. ஆகவே அவசரப்பட்டுத் துப்புரவு செய்ய வேண்டிய தேவை அன்றும் இருக்கவில்லை, இன்றும் இல்லை.

இனிச் செய்ய வேண்டியதைச் சொல்கிறேன். கணினி தெரிந்த பிள்ளை ஒருவரைப் பக்கத்தில் வைத்துக்கொள்ளுங்கள். தண்டர்பேர்டை மூடிவிட்டு, அது கடிதங்களை வைத்திருக்கும் புரொபைல் கோப்புறையில் ‘இன்பொக்ஸ்’ என்ற பெயரில் இப்போது உள்ள வெறுங்கோப்புக்கு வேறு பெயர் இடுங்கள். பின்னர் வைரஸ் தடுப்பு மென்பொருளின் தனிமைப்படுத்தல் பட்டியலைத் திறந்து, அதே பெயருள்ள பெரிய கோப்பு அங்கே இருக்கிறதா என்று பாருங்கள். இருந்தால், அந்தப் புரொபைல் கோப்புறையைச் சோதனையிலிருந்து விலக்கிவைக்கும் தெரிவை முதலிற் செய்துவிட்டு, அதன் பிறகே ‘ரிஸ்ரோர்’ கொடுங்கள். இந்த ஒழுங்கு மாறினால், மீண்டு வந்த கோப்பை மென்பொருள் மறுகணமே திரும்பவும் பிடித்துக்கொள்ளும். கோப்பு வந்தவுடன், தண்டர்பேர்டைத் திறப்பதற்கு முன்பாகவே, வெளி வன்தட்டு ஒன்றில் அதன் பிரதியை எடுத்து வன்தட்டைக் கழற்றிவிடுங்கள்.

ஆர்வத்தில் யாரும் அந்தக் கோப்பை நோட்பாட்டில் திறந்து பார்க்கக்கூடும். ‘ஃப்ரொம்’ என்று தொடங்கும் வரியும், அனுப்பியவர், திகதி முதலிய விபரங்களும் அதில் வாசிக்கக்கூடியவாறு தெரியும். ஆனால் தமையனார் தமிழில் எழுதிய கடிதம் பொருள் விளங்காத ஆங்கில எழுத்துகளின் வரிசையாகத் தெரியலாம். தமிழ் எழுத்துகளை மின்னஞ்சல் பல வேளைகளில் அப்படி மாற்றித்தான் அனுப்புகிறது. தண்டர்பேர்டில் திறக்கும்போது அவை பழையபடி தமிழாகிவிடும். அதைக் கண்டு கோப்பு பழுதாகிவிட்டதென்று அழித்துவிடாதீர்கள். ஒருமுறை உறவினர் வீடொன்றில் அப்படி அழிக்கப் போன கையை நான் பிடித்து நிறுத்த வேண்டியிருந்தது.

அடுத்து, எச்சரிக்கையில் குறிப்பிடப்பட்ட கடிதத்தைத் தேடி, அதன் இணைப்பைத் தொடாமல் கடிதத்தை அழித்து, குப்பைத்தொட்டியையும் வெறுமையாக்குங்கள். அத்துடன் வேலை முடிவதில்லை. அழித்த கடிதம் பட்டியலிலிருந்து மறைகிறதே தவிர, ‘கொம்பாக்ற்’ (அழித்தவற்றை உண்மையிலேயே நீக்கிக் கோப்பைச் சுருக்கும் கட்டளை) செய்யும் வரை பெரிய கோப்புக்குள் அப்படியே இருக்கும். அழித்த பின்னரும் வைரஸ் உண்டென்று எச்சரிக்கை வந்துகொண்டிருப்பதற்கு இதுவே காரணம். கொம்பாக்ற் செய்யும்போது கோப்பு முழுவதும் புதிதாக எழுதப்படுவதால், மின்சாரம் இடையில் நின்றுவிடாதபடி யூபிஎஸ் உள்ள வேளையிற் செய்யுங்கள். இறுதியாக, தண்டர்பேர்டின் தனியுரிமை, பாதுகாப்பு அமைப்புகளில் வைரஸ் தடுப்பு என்ற பகுதியில், வரும் கடிதங்களை ஒவ்வொன்றாகத் தனிமைப்படுத்த அனுமதிக்கும் தெரிவு ஒன்று உண்டு, அதைத் தெரிந்துவிடுங்கள். இனிமேல் வரும் கடிதம் பெரிய கோப்புக்குள் சேர்வதற்கு முன்பே சோதிக்கப்படும்.

தனிமைப்படுத்தல் பட்டியலில் ஒன்றும் இல்லாவிட்டாலும் மனந்தளர வேண்டாம். உலாவி வழியாகத் தங்கள் மின்னஞ்சல் கணக்கிற்குள் சென்று பாருங்கள். கணினிக்கு இறக்கிய கடிதங்களின் படி சேவையகத்திலும் விடப்பட்டிருக்கலாம். ரொறன்ரோவில் தமையனாரின் கணக்கைப் பராமரிக்கும் பிள்ளைகள் இருந்தால், அவர் அனுப்பிய கடிதங்கள் அந்தப் பக்கத்திலும் இருக்கும். மீட்ட பின்பு எழுதுங்கள் அம்மா. அந்தச் செய்திக்காகக் காத்திருப்பேன்.

கேள்வி: திருநெல்வேலியில் தங்கிப் படிக்கும் மாணவன் நான். என் மின்னஞ்சல்களின் பிரதியைப் பென்டிரைவில் வைத்திருக்கிறேன். இது போதுமா?

பதில்: அந்தப் பென்டிரைவை ‘பிரின்ற்’ எடுப்பதற்குக் கொமினிகேஷன் கடைக்கும் கொண்டுபோகிறீர்களா என்பதை நீங்கள் எழுதவில்லை. கொண்டுபோவீர்களானால் அதைப் பிரதி என்று கணக்கில் எடுக்க வேண்டாம், தம்பி. நாளொன்றுக்குப் பலருடைய பென்டிரைவுகள் செருகப்படும் கணினியில், உண்மையான கோப்புறைகளை மறைத்துவிட்டு அதே பெயரில் குறுக்குவழிகளை (ஷோர்ட்கட்) வைக்கும் வைரஸ் தொற்றிக்கொள்வது எளிது. கோப்புறை என்று நினைத்து அந்தக் குறுக்குவழியை அழுத்தினால் உங்கள் கணினிக்கும் அது வந்துவிடும். அப்படி நேர்ந்தாலும் பென்டிரைவைப் போமற் செய்யாதீர்கள். பெரும்பாலும் கோப்புகள் மறைக்கப்பட்டிருக்குமேயன்றி அழிந்திருக்க மாட்டா.

வீட்டிலேயே இருக்கும் வெளி வன்தட்டு ஒன்று நல்லது. ஆனால் அது எந்நேரமும் கணினியில் செருகியபடி இருக்கக்கூடாது. கோப்புகளைப் பூட்டிவைத்துப் பணம் கேட்கும் வைரஸ்கள், 2017 மே மாதத்தில் உலகெங்கும் பரவிய வன்னாக்ரை போன்றவை, இணைக்கப்பட்டிருக்கும் வெளித்தட்டுகளையும் சேர்த்தே பூட்டுகின்றன. மாதம் ஒருமுறை செருகி, படியெடுத்து, கழற்றி அலுமாரியில் வையுங்கள். பழைய படியின் மேல் புதியதை எழுதாமல், திகதியிட்ட தனிக் கோப்புறையில் வையுங்கள். கடைசியாக எடுத்த படி பழுதாக இருந்தால் அதற்கு முந்தியது கைகொடுக்கும். கைப்பேசியிலும் கணினியிலும் ஒரே கணக்கு ஐமப் முறையில் (சேவையகத்தில் உள்ள கடிதங்களையே எல்லாக் கருவிகளிலும் காட்டும் முறை) திறந்திருப்பது பிரதி ஆகாது. ஓரிடத்தில் அழிந்தது மற்ற இடத்திலும் அழியும்.

கேள்வி: நன்கு தெரிந்தவரிடமிருந்து வரும் இணைப்பைப் பயமின்றித் திறக்கலாமா? (பருத்தித்துறை வாசகர்)

பதில்: திறக்க வேண்டாம். 2000 மே மாதம் பிலிப்பைன்ஸிலிருந்து பரவிய ‘ஐ லவ் யூ’ வைரஸ், ஒருவரின் அவுட்லுக் முகவரிப் புத்தகத்தில் இருந்த அனைவருக்கும் அவர் பெயரிலேயே தன்னை அனுப்பியது. திறந்தவர்களின் படக்கோப்புகளின் மேல் தன்னையே எழுதி அவற்றை அழித்தது. அதன் இணைப்பின் பெயர் ‘ரிஎக்ஸ்ரி’, அதற்குப் பின் ‘விபிஎஸ்’ (திறந்தால் இயங்கும் நிரல் கோப்பின் பின்னொட்டு) என்று முடிந்தது. விண்டோஸ் கடைசிப் பின்னொட்டை மறைத்துக் காட்டியதால் பலர் அதைச் சாதாரண எழுத்துக்கோப்பு என்றே நம்பினர். அந்த மறைப்பு இன்றைக்கும் விண்டோஸில் இயல்பாக இருக்கிறது. ஃபைல் எக்ஸ்புளோரரின் ‘வியூ’ பகுதியில், கோப்புப் பெயரின் பின்னொட்டுகளைக் காட்டும் தெரிவை இன்றே செய்துவிடுங்கள். கல்யாணப் படம் என்று வந்த கோப்பு ‘இஎக்ஸ்இ’ என்றோ ‘ஜேஎஸ்’ என்றோ முடிந்தால் அது படமல்ல. சந்தேகம் இருந்தால், அனுப்பியவரை வைபரில் அழைத்து, அனுப்பியது அவர்தானா என்று கேட்டுவிட்டுத் திறவுங்கள்.